பாம்புத் துரையின் வெள்ளிக் காசு

அத்தியாயம் 7

தங்கத்தை விட்டுவிட்டு வெள்ளியைத் திருடுகிறவன் ஒன்று பைத்தியக்காரனாக இருக்க வேண்டும், அல்லது பக்திமானாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஷம்சுதீன் பாய் லாரிக் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தார். துடைத்துப் பயனில்லை. பனி வெளியில் இருந்தது.

"ரெண்டுமா இருந்தா?" என்றான் வீரப்பன்.

"அப்ப உன் சொந்தக்காரன்."

எழுபத்தொன்பதாம் வருடத்து நவம்பரில் கேமரன் மலையில் இறங்கிய பனி சாதாரணப் பனி அல்ல. திரிங்காப்பு ஊரில் ஒரு சீனர் தன் தோட்டத்து முட்டைக்கோஸை எல்லாம் அறுத்து முடித்தார். பனி விலகியதும் பார்த்தால் அடுத்தவர் தோட்டத்தில் நின்றிருந்தார். அடுத்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் அப்போது இவர் தோட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தார். இதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்ததாக வீரப்பன் சொல்வான். அந்தப் பனியில் எப்படிப் பார்த்தாய் என்று இதுவரை யாரும் அவனைக் கேட்கவில்லை.

வீரப்பன் திரிங்காப்பிலிருந்து ஈப்போ சந்தைக்குக் காய்கறி ஏற்றும் லாரிக்காரன். சரக்கு இல்லாத நாளில் துப்பறிபவரின் உதவியாளன். பாய் ஒரு காலத்தில் போலீஸில் துப்பறியும் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்றதும் தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை போட்டார். மனைவி ஜைனப் உள்ளே ரொட்டி தட்ட, பாய் கல்லாவில் உட்கார்ந்து ஆட்களைத் தட்டிப் பார்ப்பார். பூதக்கண்ணாடி, பவுடர் எதையும் தொட்டதில்லை. கைரேகை பார்ப்பது சோதிடன் வேலை, நான் வாயைப் பார்க்கிறவன் என்பார்.

இந்த வழக்கைக் கடைக்குக் கொண்டுவந்தவள் மணியம்மா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி. தோட்டத்துக்கு மேலே பழைய பங்களாவில், முன்பு மேனேஜராக இருந்த வெள்ளைக்காரத் துரை ஒண்டியாக இருக்கிறார். அவருடைய வெள்ளிக் காசு ஒன்றைக் காணோம், பக்கத்திலிருந்த தங்கக் காசு அப்படியே இருக்கிறது. அவருக்கு இருபது வருடத்துக்கு மேலாகச் சமைத்துப் போடும் செல்லம்தான் எடுத்தாள் என்று துரையே சொல்லிவிட்டார். சனிக்கிழமைக்குள் வேலையையும், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட்டு அவள் போக வேண்டும். இன்று வெள்ளி. செல்லமோ எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

"கல்லு மாதிரி நிக்கிறா பாய்," என்றாள் மணியம்மா. "அவ எடுக்க மாட்டா. எடுத்தது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. திருடிங்கிற பேரோட அவளை அனுப்பிட்டு நாங்க எப்படிலா சோறு திங்கிறது?"

தேயிலை ஆலை வாசலில் இப்போதைய மேனேஜர் சிவசாமி அவர்களை நிறுத்திப் பேசினார். ஈப்போக்காரர், நியாயமானவர். தனக்கும் இது பிடிக்கவில்லை என்றார். ஆனால் புகார் பெரியவர் வாயிலிருந்தே வந்திருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் நிதானத்தில் அவர் இருக்கும்வரை பங்களாவில் இருக்கலாம் என்று கம்பெனி விட்டுவைத்திருக்கிறது. அப்படிப்பட்டவர் சொல்லைத் தள்ள முடியுமா? நாளை மாலை வரை பாருங்கள், ஏதாவது தேறினால் என்னிடம் முதலில் சொல்லுங்கள் என்று வழிவிட்டார்.

துரையின் உண்மைப் பெயர் ஹாக்ஸ்வொர்த். அந்தப் பெயர் லயத்து வாய்களில் நுழைய மறுத்ததால் பாம்புத் துரை ஆனார். அவர் பேசும் தமிழ் சுத்தமான தோட்டத்துத் தமிழ், ஆனால் முழுக்கக் கங்காணிகளிடம் கற்றது. அதனால் ஒவ்வொரு வாக்கியமும் உத்தரவாகத்தான் வரும். உட்காரு, குடி, பாரு என்றார். பாய் உட்கார்ந்தார், குடித்தார், பார்த்தார். துரை கம்பளிச் சட்டையை உட்புறம் வெளியே தெரியப் போட்டிருந்தார். லண்டனில் இப்போது இதுதான் போல என்று வீரப்பன் நினைத்துக்கொண்டான்.

கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள் கருநீல வெல்வெட்டில் பழங்காசுகள் கிடந்தன. எல்லாவற்றிலும் பாம்பு. கிரேக்க தேசம், ரோமாபுரி, துருக்கிக் கரை என்று மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த ஊர்கள் அடித்த காசுகள். தடியில் சுற்றிய பாம்பு. ஒரு பெண் கிண்ணத்தில் ஊட்ட, கழுத்தை நீட்டிக் குடிக்கும் பாம்பு. மனிதத் தலை வைத்த பாம்பு ஒன்று. துணியில் செய்த தலையைப் பாம்புக்கு மாட்டி ஒருவன் ஊரையே கும்பிட வைத்தானாம்.

"நம்ம ஊரா இருந்தா எலெக்‌ஷன்ல நிக்க வச்சிருப்பாங்க," என்று வீரப்பன் பாயின் காதில் சொன்னான்.

நடுவில் தலைக்கவசத்தில் பாம்பு சுருண்ட தங்கக் காசு மின்னியது. அதற்குப் பக்கத்துக் குழி காலி. பூட்டு உடையவில்லை, சாவி எப்போதும் துரையின் பையில். காணாமல்போனது பெர்கமம் என்ற ஊரின் வெள்ளிக் காசு என்றார். ஒரு பக்கம் கூடை, பாதி திறந்த மூடி, உள்ளிருந்து எட்டிப் பார்க்கும் பாம்பு, சுற்றிலும் ஐவிக் கொடியின் இலைமாலை. அது திராட்சை மதுவின் சாமிக்கு உரிய கூடை. அதற்குள் என்ன இருக்கிறது என்று தீட்சை வாங்காதவர்கள் பார்க்கக் கூடாது. அதே ஊரில் வைத்திய சாமிக்கும் கோயில் இருந்தது. நோயாளிகள் அந்தக் கோயிலில் படுத்துத் தூங்குவார்கள். சாமியின் பாம்பு வந்து நோவுள்ள இடத்தை நக்கிவிட்டுப் போகும். பாம்பு சட்டையை உரித்துப் புதிதாகிறது அல்லவா, அதுபோல மனிதனும் நோயை உரித்துப் போட்டுவிடலாம் என்பது அந்த ஜனங்களின் நம்பிக்கை. அங்கெல்லாம் பாம்புக்குத் தேன் பணியாரம் படைப்பார்களாம்.

"இங்கே முட்டையும் பாலும், அங்கே பணியாரம்," என்றான் வீரப்பன். "பாம்பு எந்த நாட்டிலயும் சொந்தச் செலவுல சாப்பிட்டதில்ல."

துரை சிரித்தார். ஒரு வாய் தேநீர் குடித்தார். பிறகு பெர்கமத்தில் ஒரு வைத்திய சாமி இருந்தது, நோயாளிகள் கோயிலில் படுத்துத் தூங்குவார்கள் என்று அதே சொற்களில் முதலிலிருந்து தொடங்கினார்.

"ரெக்கார்டுல முள்ளு மாட்டிக்கிச்சு பாய்."

"வயசானவங்க. கேளு."

சமையலறை நிலையில் செல்லம் நின்றிருந்தாள். மெலிந்த உடம்பு, நரைத்த வகிடு. துரை விரலை நீட்டி, திருடி இவள்தான் என்றார். அவள் வந்து அவருடைய கோப்பையை நிரப்பி, சர்க்கரை போட்டுக் கலக்கி, சூடு பார்த்து வைத்துவிட்டுப் போனாள். திருட்டுப் பட்டம் கட்டியவருக்குத் தேநீரின் சூடு பார்க்கும் ஒருத்தியை வீரப்பன் அதுவரை எந்த மலையிலும் கண்டதில்லை.

சுவரில் அந்தக் காசின் கூடைப் பக்கத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்ட படம் தொங்கியது. பாய் அதை இரவல் கேட்டார். மறுபக்கம் என்ன என்று விசாரித்தபோது துரை சிகரெட் அட்டையின் உட்புறத்தில் வரைந்து காட்டினார். பின்னி நிற்கும் இரண்டு பாம்புகள், நடுவே சாய்வாக ஒரு வில்லுறை. அந்தப் பக்கத்தை யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்றதற்கு, யாருமில்லை, பெட்டியில் எப்போதும் கூடைதான் மேலே என்றார்.

அதன் பிறகு பாய் செய்த வேலையைத் துப்பறிதல் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. சட்டம் போட்ட படத்தைக் கோணிச்சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தோட்டம் முழுக்க வளையல் விற்கிறவர் மாதிரி சுற்றினார். எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் ஒரே கேள்வி: இது என்ன?

ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி பார்த்துவிட்டு, பூச்சட்டி, பக்கத்தில் தண்ணீர்க் குழாய் என்றார். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர், இது எங்கள் தொழில் சின்னம், தடியைத்தான் காணோம் என்றார். ஆலைக் காவலாளி, நாலு நம்பர் லாட்டரிச் சீட்டில் இதற்கு என்ன எண் என்று திருப்பிக் கேட்டார். பங்களாவை விட்டுக் கிளம்பும்போதே பாய் செல்லத்திடமும் கேட்டிருந்தார். அவள் பாத்திரத்தைக் கழுவியபடி, பாம்பாட்டி கூடை என்றாள். எடை போடும் கொட்டகையில் வரிசையாக நின்ற பெண்களிடம் படத்தைப் பிரித்துக் காட்டியபோதுதான் சங்கதி மாறியது. அத்தனை பேருக்கும் ஒரே பதில்.

"நம்ம கூடைதான். முதுகுல போடுறது. இந்தா, சுத்தி கொழுந்து போட்டிருக்கு பாருங்க."

ஐவி இலை தேயிலைக் கொழுந்தாகிவிட்டது. மதுச் சாமியின் ரகசியக் கூடை பிரம்புக் கூடையாகிவிட்டது. வீரப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அம்மாக்கண்ணு என்ற கிழவி முன்னால் வந்து, படத்தின் மேல் தன் முந்தானையைப் போட்டு மூடினாள். தராசுக்காரர்கூட எடைக்கல்லைச் சத்தமில்லாமல் வைத்தார்.

மணியம்மா அவர்களைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னாள். போன மாதம் காளியம்மாவின் மகள் திலகம் சாப்பாட்டு நேரத்தில் கூடையைச் செடிகளுக்கிடையில் இறக்கி வைத்திருக்கிறாள். குளிருக்கு ஒதுங்கிய விரியன் கொழுந்துக்குள் புகுந்துகொண்டது. தெரியாமல் தூக்கி முதுகில் மாட்டியபோது கழுத்தில் கொத்திவிட்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பார்க்காத வைத்தியம் இல்லை. பெண் பிழைக்கவில்லை. அதிலிருந்து இங்கே யாரும் கூடையைத் தட்டிப் பார்க்காமல் தோளில் போடுவதில்லை.

லாரிக்குத் திரும்பியதும் பாய் வெற்றிலை போட்டுக்கொண்டு நிதானமாகப் பேசினார். தங்கம் எல்லாருக்கும் தங்கம். இந்தக் காசு மட்டும் கூடை சுமக்கிறவளுக்குத் தன்னுடைய காசு. ஆகவே கை வைத்தது பங்களாக்காரி இல்லை, வெளிக்காட்டில் கொழுந்து எடுக்கிறவள்.

"அப்படிப் பார்த்தா ஒரு லயமே குத்தவாளி," என்றான் வீரப்பன். "எல்லாரையும் ஏத்த என் லாரி போதாது. ரெண்டு நடை அடிக்கணும்."

"அதான் மறுபக்கம் இருக்கே. அது எடுத்தவளுக்கு மட்டும்தான் தெரியும்."

அந்த மறுபக்கத்தை மழைதான் காட்டியது. ஒதுங்க இடம் தேடி ஓடியவர்கள் தேயிலை மலையின் ஓரத்தில் இருந்த நாகம்மா கோயில் தகரக் கூரைக்குள் புகுந்தார்கள். கோயில் என்றால் மஞ்சள் பூசிய ஒரு நாகக்கல்லும் சிமெண்டுத் தரையும்தான். இடத்துக்கு மரியாதையாகப் பாய் செருப்பைக் கழற்றி ஓரமாக நின்றார். தரையில் அன்று காலையில் போட்ட அரிசிமாவுக் கோலம் இன்னும் கலையாமல் இருந்தது. இரண்டு பாம்புகள் பின்னி நின்றன. அது எந்த நாகக்கல்லிலும் உள்ளதுதான். ஆனால் நடுவே சாய்வாக, நீளமாக, ஒரு முனை அகன்று ஏதோ ஒன்று.

"கவ்வாத்துக் கத்தி உறை மாதிரி இருக்கு," என்றான் வீரப்பன். "பாம்பையும் செடி வெட்டுற வேலைக்கு எடுத்துட்டாங்களா?"

பாய் சட்டைப்பையிலிருந்து சிகரெட் அட்டையை எடுத்துக் கோலத்தின் பக்கத்தில் பிடித்தார். வீரப்பன் குனிந்து பார்த்தான். அட்டையில் இருந்த அதே வில்லுறை.

கோலம் யாருடையது என்று கேட்டு அலைய வேண்டியிருக்கவில்லை. மகள் போனதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் காளியம்மாதான் போடுகிறாள் என்று வழியில் வந்த முதல் ஆளே சொன்னார்.

லயத்தின் கடைசி வீடு. காளியம்மா இப்போது கொழுந்து எடுக்கப் போவதில்லை. ஆலையில் தரை கூட்டுகிறாள். அவர்களை உள்ளே கூப்பிட்டுப் பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். பாய் சுற்றி வளைக்கவில்லை. தாயி, அந்தக் காசு எங்கே, அது வராவிட்டால் நாளைக்குச் செல்லம் தெருவில் நிற்பாள் என்றார்.

"நான் திருடலை ஐயா. துரை கையால குடுத்தாரு."

ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் கேட்கத்தான் போனாளாம். மகள் ஆஸ்பத்திரியில் கிடக்க, செல்லம்தான் அவளைப் பங்களாவுக்கு அழைத்துப்போய்த் துரை முன்னால் நிறுத்தினாள். துரை காரைக் கொடுத்தார். பிறகு அழுதுகொண்டே பெட்டியைத் திறந்து, அந்தக் காசை எடுத்து அவள் கையில் வைத்து மூடினார். அந்த ஊரில் இதுதான் மருந்து, தலைமாட்டில் வை, நாகம் வந்து நக்கிக் குணமாக்கும் என்றார். அவளும் வைத்தாள். விடிவதற்குள் பெண் போய்விட்டது. கல்யாணமாகாத பெண் என்பதால் புதைத்தார்கள். நெற்றிக்காசாக அதையே வைத்தாள். இடுகாட்டில் நெற்றிக்காசு வெட்டியானுக்குச் சேர வேண்டியது. அவன் கையை நீட்டியபோது இவள் விடவில்லை. சந்தனத்தோடு மண்ணுக்குள் போய்விட்டது.

"படத்தைப் பார்த்தீங்கல்ல," என்றாள். "கூடை, கொழுந்து, பாம்பு. எம்மவ சாவை முன்னாடியே காசுல அடிச்சு வச்சிருந்தாங்க. எனக்குப் படிக்கத் தெரியலை. நானே கொண்டுபோய்த் தலைமாட்டுல வச்சேன்."

பாய் பதறிவிட்டார். அது உங்கள் கூடை இல்லை, கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு சாமியின் கூடை, அந்த இலை தேயிலையே இல்லை, அதை அடித்தவனுக்குத் தேயிலை என்றால் என்னவென்றே தெரியாது என்று எடுத்துச் சொன்னார். துரையிடம் கேட்டதை எல்லாம் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"சாமி கூடையில பூந்தப்ப யாரையும் கடிக்கலை," என்றாள். "எம்மவ கூடையில பூந்தா கடிக்குது."

கோலம் எதற்கு என்று வீரப்பன்தான் மெதுவாகக் கேட்டான். கடித்த ஜாதியைக் கும்பிடுகிறாளே என்று அவனுக்கு ஆறவில்லை.

"மண்ணுக்குள்ள அவ தனியா இருக்கா தம்பி. அந்தக் காசுல இருக்கிற ரெண்டும்தான் துணை. அடையாளம் மாறாம போட்டு, எம்புள்ளையப் பார்த்துக்கங்கன்னு சொல்லிட்டு வர்றேன்."

செல்லம் மேல் பழி விழுந்தபோது ஏன் இதைச் சொல்லவில்லை என்றார் பாய். சொல்லத்தான் கிளம்பினாளாம். செல்லமே வந்து மறித்து, சொன்னால் காசுக்காகக் குழியைத் தோண்டுவார்கள், வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள்.

வெளியே வந்ததும் பாயின் நடையில் பழைய போலீஸ்காரர் வந்துவிட்டார். புதைகுழிக்காகப் பழியைச் சுமந்திருக்கிறாள், மகராசி என்றார். வீரப்பனுக்கு ஒன்று இடித்தது. துரையே கொடுத்திருக்க, துரையே ஏன் திருட்டு என்கிறார்?

"கௌரவம்டா. ஒரு நிமிஷ இரக்கத்துல தூக்கிக் குடுத்துட்டார். அப்புறம் மனசு அடிச்சுக்குது. செத்த பொண்ணுகிட்டத் திருப்பிக் கேக்க முடியுமா? ஏழை ஒருத்தி தலையில போட்டாச்சு. துரைங்களை நான் பார்க்காததா?"

அவர் கோபமாக இருந்தார். நேராகச் சிவசாமியிடம் போனார். குழியைத் தொடக் கூடாது என்று முதலில் வாக்கு வாங்கிக்கொண்டார். சிவசாமி உடனே கொடுத்தார். பிறகு பாய், பங்களாவுக்கு வாருங்கள், உங்கள் முன்னால் பெரியவர் வாயாலேயே வரவழைக்கிறேன் என்றார். ஆள் கூட்டி வைத்து உடைப்பதில்தான் துப்பறிகிறவனுக்கு ருசி. வீரப்பனுக்கும் அது பிடிக்கும். பொய் சொன்ன துரையின் முகம் எந்த நிறத்துக்கு மாறும் என்று லாரியில் பந்தயமே கட்டினான்.

முகம் மாறவில்லை. நாற்காலியில் சாய்ந்திருந்த துரை, பாய் சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டார். காளியம்மா வந்தது, கார் கேட்டது, பெட்டியைத் திறந்தது, அழுதது. முடித்துவிட்டுப் பாய் குரலைத் தாழ்த்தி, காசை நீங்கள்தானே கொடுத்தீர்கள் என்றார். துரையின் கண்கள் பாயிடமிருந்து சிவசாமிக்கும் அவரிடமிருந்து சுவருக்கும் போய்த் திரும்பின. திருவிழாக் கூட்டத்தில் கையைத் தவறவிட்ட பிள்ளை அப்படிப் பார்க்கும்.

"எந்தப் பொண்ணு?" என்றார். பிறகு சட்டென்று எழுந்து, சட்டைப்பைகளைத் தடவத் தொடங்கினார். "பாம்பு கடிச்சதா? நிக்காதே. கார் எடு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. ஓடு."

பைகளில் கார்ச் சாவி இல்லை. அவர் கை தேடிக்கொண்டே இருந்தது. பாய் எழுந்து நின்றார். அவர் முகத்தில்தான் நிறம் மாறிக்கொண்டிருந்தது. அப்போது சமையலறையிலிருந்து செல்லம் வந்தாள். ஓடிவந்தாள் என்று சொல்ல முடியாது, ஆனால் துரைக்கும் சிவசாமிக்கும் நடுவே வந்து நின்றுவிட்டாள்.

"பாய் சொல்றது பொய்ங்க மேனேஜர் ஐயா. துரை யாருக்கும் குடுக்கலை. நான்தான் எடுத்தேன். திருடி நான்தான்."

அந்த அறையில் இருந்தவர்களில் அதை நம்பியவர் ஒருவர் மட்டுமே. துரை பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் அடங்கின. முகம் பளிச்சென்று தெளிந்துவிட்டது.

"நெசத்தைச் சொன்னே. போதும். மன்னிச்சேன். போ, டீ கொண்டா."

"சரிங்க துரை," என்றாள் செல்லம்.

பிறகு துரை, மூன்று வருடமாக மாதந்தோறும் வந்து பார்க்கும் சிவசாமியின் பக்கம் திரும்பி, எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறாய் என்று ஆங்கிலத்தில் அன்பாக விசாரித்தார். சிவசாமி பதில் சொன்னார். சொல்லும்போது அவர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்ததை வீரப்பன் பார்த்தான்.

அவர்கள் முன்வாசலுக்கு வந்தார்கள், பின்னாலேயே செல்லமும். முதலில் சிவசாமிதான் பேசினார். செல்லத்தின் பேரில் குற்றம் இல்லை, வீட்டை விட வேண்டாம், திங்கட்கிழமை முதல் வழக்கம்போல் வேலைக்கு வரலாம் என்றார். அதைச் சொல்ல அவருக்கு எளிதாக இருந்தது. அடுத்ததைச் சொல்லத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். பெரியவர் இந்த நிலையில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு தான் சும்மா இருக்க முடியாது. நாளைக்கு அடுப்பையோ விளக்கையோ தட்டிவிட்டால் யார் பொறுப்பு? கம்பெனிக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். இங்கிலாந்தில் தம்பி மகள் ஒருத்தி இருப்பதாகக் கேள்வி. அங்கேயே ஏதாவது முதியோர் இல்லத்தில் சேர்ப்பார்கள்.

"அந்தப் பொண்ணை அவர் பார்த்ததே இல்லைங்க," என்றாள் செல்லம். "நாப்பது வருசமா இந்த மலைதான். ஊரு பேரு எல்லாம் மறந்துபோச்சு. இந்த வீட்டுல மட்டும் கண்ணைக் கட்டி விட்டாலும் நடப்பாரு."

சிவசாமி தலையைக் குனிந்துகொண்டு காருக்குப் போய்விட்டார்.

பாய் மட்டும் நின்றார். எவ்வளவு நாளாக இந்த மறதி என்று கேட்டார். ரெண்டு வருசம் என்றாள். தான் போவதற்கு எல்லா ஏற்பாடும் செய்திருந்ததையும் அப்போதுதான் சொன்னாள். தன் இடத்துக்கு லயத்திலிருக்கும் தங்கம்மாவைப் பழக்கிவைத்தாகிவிட்டது. சட்டையை எப்படிப் போட்டுவிடுவது, அடுப்பு இருக்கும் அறைக்கு எப்போது பூட்டுப் போடுவது, ஒரே கேள்வியை எத்தனை முறை கேட்டாலும் முதல் முறை கேட்டது போலப் பதில் சொல்வது, மேனேஜர் வருகிற நாளில் பக்கத்தில் நின்று மறந்த சொல்லை எப்படி எடுத்துக் கொடுப்பது, எல்லாம். கம்போங் ராஜாவில் பூத்தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பா வீட்டில் தனக்கு ஒரு மூலை கேட்டு வைத்திருந்தாள். அவர் இங்கேயே கண்ணை மூடியிருப்பார். திருடி என்ற பேர் தன்னோடு மலையின் அந்தப் பக்கம் போயிருக்கும். காளியம்மாவிடம் குழியைச் சொல்லிப் பயமுறுத்தியது வேறு வழி தெரியாமல்தான்.

"என்னை மன்னிச்சிடும்மா," என்றார் பாய். "எனக்குத் தெரியலை."

செல்லம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வீரப்பனுக்குத் தாங்கியிருக்கும்.

"நீங்க ரொம்பக் கெட்டிக்காரர்னு மணியம்மா சொன்னா ஐயா," என்றாள். "கொஞ்சம் கம்மியா இருந்திருக்கலாம்."

உள்ளே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

வீரப்பன் லாரியைக் கிளப்பி முன்கதவைத் திறந்துவிட்டான். பாய் ஏறவில்லை. மழையில் தலையில் ஒன்றும் போட்டுக்கொள்ளாமல் இறக்கத்தில் நடக்கத் தொடங்கினார். வீரப்பன் கதவைச் சாத்தினான். முதல் கியரில், விளக்கைப் போட்டுக்கொண்டு, அவருக்குப் பின்னால் ஒரு கூப்பிடு தூரத்தில், தேயிலை ஆலை வரைக்கும் லாரியை ஊர்ந்து ஓட்டிக்கொண்டு போனான்.